கதைக்காரன் கையில் என்ன இருக்கிறது?

அன்புள்ள சார்,

நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு சின்னப் படம் எடுக்கிறோம். கையில் 2 கோடி. நாயகன், இயக்குநர், கதாசிரியர், கேமராமேன், இசையமைப்பாளர் சம்பளத்துக்கு எத்தனை சதவீதம் ஒதுக்கலாம்? ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்கிறார்கள்.

ஆர்., சாலிகிராமம்

அன்புள்ள ஆர்.,

சதவீதத்தை விடுங்கள். பெப்சி (சினிமாத் தொழிலாளர் சம்மேளனம்) ஆட்களின் தினச் சம்பளமும் பேட்டாவும் நாள் கணக்கு, போட்டுவிடலாம். நீங்கள் கேட்பவர்களுடையது பேசி முடிக்கிற தொகை. வம்பு அங்கேதான்.

நாயகனுக்கு 30 லட்சம் என்று வையுங்கள். “கைக்கு முப்பது வரணும்” என்பார் மேனேஜர். 10 சதவீத டிடிஎஸ், அதாவது சம்பளத்தில் பிடித்து அரசுக்குக் கட்டவேண்டிய வருமான வரி, உங்கள் தலையில் விழும், தொகை 33.33 லட்சமாகும். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, இன்னொரு 6 லட்சம். படத்தை விற்கும்போது இந்த ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்ளலாம்தான், ஆனால் அதுவரை அது பைனான்ஸியர் வட்டியில் ஓடும் பணம். அப்புறம் அவருடைய மேக்கப்மேன், டச்சப் பையன், டிரைவர், கேரவன் வாடகை. 25 நாள் கால்ஷீட் 32 ஆனால் கூடுதல் 7 நாளுக்கு என்ன என்பதை இப்போதே எழுதி வாங்குங்கள். ஷூட்டிங் நடுவில் கேட்டால் விலை வேறு.

கதாசிரியர் விஷயம் எனக்குச் சொந்த வலி. நான் கதை எழுதிய ஒரு படத்தின் பூஜையன்று தாம்பூலத் தட்டில் 10,001 ரூபாய், மஞ்சள் தடவிய கவரில் வந்தது. பாக்கி இன்றுவரை வரவில்லை. அந்தப் படத்தில் நாயகன் பாக்கியை வாங்காமல் டப்பிங் தியேட்டருக்குள் கால் வைக்கவில்லை. இசையமைப்பாளர் ரீரெக்கார்டிங்கை நிறுத்தி வைத்துத் தன் பணத்தை வாங்கினார். எல்லார் கையிலும் பிடித்துவைக்க ஏதோ ஒன்று இருந்தது. நானோ பைண்ட் செய்த ஸ்கிரிப்டை முதல் நாளே கொடுத்துவிட்டேன். என்னைக் கண்டாலே தயாரிப்பு நிர்வாகிக்குப் போன் வந்துவிடும்!

அதனால் பட்ஜெட் தாளில் முதலில் கதைக்கான தொகையை எழுதுங்கள். முழு ஸ்கிரிப்ட் கைக்கு வந்த அன்றே முக்கால் பங்கைக் கொடுங்கள், மீதியை ஷூட்டிங் தொடங்கும் முன். நீங்கள் நாலு பேரும் நண்பர்கள் என்கிறீர்கள். உங்களில் யாராவது இயக்குகிறீர்களா? அப்படியானால் அந்தச் சம்பளத்தையும் தாளில் எழுதுங்கள். “நமக்குள்ள என்ன” என்று காலியாக விட்ட வரியால் படப்பெட்டி லேபிலேயே கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

நாயகன் யார் என்று எழுதவில்லையே, பேசி முடித்தாயிற்றா?