எஞ்சின் மாற்றிய பழைய ஒஸ்ரின் பிக்கப் சூடேறியதும் நடுங்குகிறது: ஒட்சிசன் சென்சரை எங்கே பொருத்த வேண்டும்?

மூன்றாவது சென்சரை வாங்காதீர்கள். முதலில் குழாயைப் பாருங்கள்.

நீங்கள் எழுதியதை நான் விளங்கிக்கொண்டது இப்படித்தான். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் ஓடும் 1960களின் ஒஸ்ரின் அரைத் தொன் பிக்கப். அதில் ரொயோட்டா ரவுன் ஏஸ் வானின் 7கே-ஈ எஞ்சின். ஸ்ரியரிங் பெட்டி இடைஞ்சலாக இருந்ததால் சைலன்சர் குழாயைப் புதிதாக வளைத்து, ஒற்றை வயர் ஒட்சிசன் சென்சரை இருக்கைக்குக் கீழே, தரையைப் பார்த்தபடி பொருத்தியிருக்கிறார்கள். காலையில் எடுக்கும்போது எஞ்சின் ஒழுங்காக ஓடுகிறது. சூடேறிய பிறகு நின்ற இடத்தில் நடுங்குகிறது, பிளக் கரி பிடிக்கிறது, பெற்றோல் மணக்கிறது. வேகம் எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடுகிறது. இரண்டு சென்சர் மாற்றியும் பலனில்லை.

குளிரில் நல்லது, சூட்டில் கெட்டது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, பெற்றோல் அளவைத் தீர்மானிக்கும் கணினியான ஈசியூ பெட்டி ஒட்சிசன் சென்சரைக் கவனிப்பதே இல்லை. தனக்குள் பதிந்திருக்கும் கணக்கின்படி பெற்றோலை விடுகிறது. எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் சூடேறிய பிறகுதான் சென்சரின் அளவைப் பார்த்துக் கூட்டவும் குறைக்கவும் தொடங்குகிறது. உங்கள் நடுக்கமும் அந்த நேரத்தில்தான் தொடங்குகிறது. ஆகவே எஞ்சினில் பெரிய கோளாறு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. பெட்டிக்குப் போகும் செய்திதான் பொய்.

சென்சருக்குப் பெற்றோலைத் தெரியாது. புகையில் மிஞ்சிய ஒட்சிசனை மட்டுமே தெரியும். நிறையளவில் 1 பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காற்று என்பது சரியான கலவை. அந்த இடத்தில் சென்சரின் வோல்ற் அளவு ஏறக்குறைய 0.45. பெற்றோல் கூடினால் 0.8, 0.9 வரை ஏறும். ஒட்சிசன் மிஞ்சினால் 0.1 அளவுக்கு விழும். அந்த ஒட்சிசன் எஞ்சினுக்குள் எரியாமல் மிஞ்சியதா, சைலன்சர் குழாயின் ஓட்டை வழியாக வெளியிலிருந்து வந்ததா என்பது அதற்குத் தெரியாது. குறைந்த வோல்ற்றைப் பார்த்த பெட்டி, பெற்றோல் போதவில்லை என்று எண்ணி மேலும் விடும். பிளக் கறுப்பதும், பெற்றோல் மணப்பதும், சென்சர் மட்டும் "பெற்றோல் குறைவு" என்று சொல்வதும் ஒரே நேரத்தில் நடப்பது இதனால்தான்.

குழாய்க்குள் அழுத்தம் இருக்கும்போது காற்று எப்படி உள்ளே வரும் என்று கராஜில் கேட்பார்கள். புகை ஒரே சீராக வருவதில்லை, துடித்துத் துடித்து வருகிறது. ஒவ்வொரு துடிப்பின் பின்னாலும் குழாயின் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறையும் ஒரு கணம் உண்டு. ஊசித்துளை அளவு ஓட்டையே போதும், காற்றை இழுத்துவிடும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது புகை குறைவு, ஆகவே புகுந்த காற்றின் பங்கு அதிகம். வேகத்தில் அந்தக் கலப்படம் கரைந்துபோகிறது. உங்கள் பிக்கப் வீதியில் ஒழுங்காக ஓடுவதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

இன்னொரு சுழலும் உண்டு. கரி பிடித்த பிளக் பொறியைத் தவறவிட்டால் எரியாத காற்று அப்படியே குழாய்க்கு வருகிறது. சென்சர் அதையும் ஒட்சிசன் என்றே எண்ணும், பெட்டி மேலும் பெற்றோல் விடும், பிளக் மேலும் கறுக்கும். எனவே குழாயைத் திருத்தும் நாளிலேயே பிளக்குகளையும் மாற்றிவிடுங்கள்.

முதற் சோதனைக்குச் செலவில்லை. நன்றாகச் சூடேறி நடுங்கும் நிலையில் சென்சரின் வயரைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் ஓடவிடுங்கள். நடுக்கம் குறைந்தால் சந்தேகம் உறுதி. பிறகு பண்ணைப் பாலத்து வீதியில் ஒருமுறை வேலணைப் பக்கம் போய்த் திரும்புங்கள். யாழ்ப்பாணத்தில் எஞ்சினைச் சோதிக்க மேடு கிடைக்காது, ஆனால் அந்த நேர்வீதியில் ஒரே வேகத்தில் பிடித்து ஓட முடியும்.

ஓட்டை தேடுவதற்கு எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்க்கும் மனிபோல்டிலிருந்து சென்சர் வரை உள்ள ஒவ்வொரு வெல்டிங்கிலும் இணைப்பிலும் சவர்க்காரத் தண்ணீரைப் பூசி, எஞ்சினை இயக்கி, வால் குழாயைத் தடித்த துணியால் சிறிது நேரம் அடைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். நுரை எங்கே பொங்குகிறதோ அங்கேதான் வேலை. மனிபோல்ட் கேஸ்கட்டைத் தவறவிடாதீர்கள். சென்சருக்குப் பின்னால், அதாவது வால் பக்கம் உள்ள சிறு ஓட்டைகள் இந்த விடயத்தில் அவ்வளவு முக்கியமில்லை.

இனி இடம். ஒற்றை வயர் சென்சருக்குத் தனிச் சூடாக்கி கிடையாது. ஏறக்குறைய 300 பாகை செல்சியசுக்கு மேல்தான் அது ஒழுங்காகப் பேசும், அந்தச் சூட்டைப் புகைதான் தர வேண்டும். இருக்கைக்குக் கீழே போய்ச் சேர்வதற்குள் புகை ஆறிவிடுகிறது, அதிலும் எஞ்சின் மெதுவாக ஓடும்போது. செய்தியும் தாமதமாகப் போகிறது. மறுபக்கம், சூடு வேண்டும் என்று ஒரு சிலிண்டரின் வாயிலேயே பொருத்தினால் அந்த ஒன்றின் கதையை மட்டுமே கேட்பீர்கள். நான்கு சிலிண்டரின் புகையும் ஒன்றாகும் இடத்தைத் தாண்டி ஓர் அடிக்குள், குழாயின் மேற்பாதியில், கிடைமட்டத்திலிருந்து குறைந்தது 10 பாகை மேல்நோக்கிச் சாய்த்துப் பொருத்துங்கள். கீழ்நோக்கி இருந்தால் குழாயில் ஊறும் தண்ணீர் சென்சரின் பீங்கான் மூக்கில் தேங்கும். சூடான மூக்கில் தண்ணீர் பட்டால் வெடித்துவிடும். முந்தைய இரண்டும் அப்படித்தான் போயிருக்கலாம்.

ஸ்ரியரிங் பெட்டியால் அங்கே இடமே இல்லையென்றால் நான்கு வயர் உள்ள, சூடாக்கியோடு கூடிய சென்சரைப் போட்டுச் சற்றுப் பின்னால் வைக்கலாம். காசு செலவழிப்பதென்றால் இதற்கே செலவழியுங்கள். டென்சோ வகையில் பொதுவாகக் கறுப்பு இரண்டும் சூடாக்கிக்கு, நீலம் செய்திக்கு, வெள்ளை செய்தியின் ஏர்த்துக்கு. சூடாக்கிக்கு மின்சாரத்தை எஞ்சின் ஓடும்போது மட்டும் கிடைக்குமாறு ஒரு ரிலேயிலிருந்து, பியூஸ் வழியாக எடுங்கள். பற்றரியிலிருந்து நேரே எடுத்தால் இரவோடு இரவாகப் பற்றரி இறங்கிவிடும்.

வெல்டிங் செய்யும்போது பற்றரியையும் ஈசியூ பெட்டியின் சொக்கற்றையும் கழற்றிவிட வேண்டும். சென்சரின் மரை 18 மில்லிமீற்றர். வெல்டிங் சூட்டில் அது கோணாமல் இருக்க, பழுதாய்ப்போன சென்சர் ஒன்றை அதில் முறுக்கி வைத்து ஒட்டச் சொல்லுங்கள். இணைப்புகளில் சாதாரண சிலிக்கன் பசையைப் பூச விடாதீர்கள். அதன் ஆவி சென்சரைக் கொன்றுவிடும்.

ஒஸ்ரினுக்கே உரிய ஒரு தொல்லையும் இருக்கிறது. அக்காலத்து பிரித்தானிய வண்டிகளில் பற்றரியின் நேர்முனைதான் உடம்போடு இணைந்திருந்தது. ஜப்பான் எஞ்சினை ஓட்ட அதை மாற்றித்தான் இருப்பார்கள், ஆனால் ஏர்த் பட்டையைத் துருப்பிடித்த பழைய இடத்திலேயே இறுக்கியிருப்பார்கள். எஞ்சின் றபர் தாங்கிகளில் நிற்கிறது. ஒற்றை வயர் சென்சரோ குழாயின் உடம்பையே ஏர்த்தாக நம்புகிறது. எஞ்சின் ஓட, விளக்குகளைப் போட்டுவிட்டு, சென்சரின் உடலுக்கும் பற்றரியின் எதிர்முனைக்கும் இடையில் மீற்றரை வையுங்கள். 0.1 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் புதிய பட்டை போடுங்கள். ஒரு வோல்ற்றுக்குள் பேசும் சென்சருக்கு 0.2 என்பது பெரிய பிழை.

எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேற்றருக்கு விடாமல் தடுக்கும் தேர்மோஸ்ரற் வால்வையும் பாருங்கள். வெப்பநாடு, தேவையில்லை என்று அதைக் கழற்றி எறியும் பழக்கம் நம்மிடம் உண்டு. காபரேற்றர் எஞ்சினில் அது எப்படியோ சமாளிக்கும். இங்கே தண்ணீர் 80 பாகையைத் தொடாவிட்டால் பெட்டி எஞ்சினைக் குளிரானதாகவே எண்ணிப் பெற்றோலைக் கூட்டிக்கொண்டிருக்கும்.

உங்கள் மெக்கானிக்கைக் குறை சொல்லவில்லை. 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலைச் சிறிதளவு விட்டு எஞ்சினை எழுப்பி, மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய ஊர் இது. காதாலும் மூக்காலும் கலவையைச் சரிசெய்யும் அந்தக் கை வேறெங்கும் கிடைக்காது. ஆனால் ஈசியூ வைத்த எஞ்சினில் கலவையைத் தீர்மானிப்பது மூக்கு அல்ல, 0.1 முதல் 0.9 வரை ஆடும் ஒரு மின்னளவு. உள்தடை பத்து மெகா ஓம் உள்ள டிஜிற்றல் மீற்றரை செய்தி வயரில் பிடித்து, எஞ்சின் நிமிடத்துக்கு 2,500 சுற்றில் ஓடும்போது பாருங்கள்: எண் ஓயாமல் ஏறி இறங்கினால் சென்சர் உயிரோடு இருக்கிறது. 0.1இலேயே படுத்திருந்தால் இன்னும் காற்று புகுகிறது, அல்லது மூக்கு சூடாகவில்லை, அல்லது வயர் எங்கோ அறுந்திருக்கிறது.

வயரைக் கழற்றியும் நடுக்கம் அப்படியே இருந்தால் பிளக்கையும் தேர்மோஸ்ரற்றையும் தவிர மேலே சொன்னது எதுவும் காரணமாக இருக்காது. அப்போது எஞ்சின் உள்ளிழுக்கும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மாப் சென்சருக்குப் போகும் சிறு றபர் குழாயையும், பழைய பெற்றோல் தாங்கியின் துரு அடைத்திருக்கக்கூடிய பெற்றோல் பில்ரரையும், எரிபொருள் அழுத்தத்தையும் அந்த ஒழுங்கிலேயே பாருங்கள்.