நன்றி நோட்டு எழுதினால் அழுகை வருகிறது, ஏன்?

கேள்வி: எனக்கு வயது 47. கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, ஒன்றரை வருடமாக வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்கிறோம். "ஆள் உயிரோட இருக்காரே, அதுக்கு நன்றி சொல்லு. தினமும் பத்து நல்ல விஷயம் எழுது, மனசு சரியாயிடும்" என்று நாத்தனார் சொன்னார். நோட்டு வாங்கி எழுதினேன். நான்காம் நாள் அழுகைதான் வந்தது. காலையில் எழுந்ததும் அவர் கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ஆபரேஷன் செய்து இணைத்த ரத்தக்குழாய்) இருக்கும் இடத்தில் விரல் வைத்துப் பார்ப்பேன். அதிர்வு தெரிந்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பேன். ஒரு மாதமாகச் சரியான தூக்கமில்லை. நான் நன்றிகெட்டவளா டாக்டர்?
- வாசகி, தென்காசி

பதில்: இல்லவே இல்லை அம்மா. இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் சுமார் நான்கு மணி நேரம் வார்டுக்கு வெளியே காத்திருக்கிறீர்கள். வீட்டுக்கு வந்தால் குடிக்கும் தண்ணீரை டம்ளரில் அளந்து கொடுக்க வேண்டும், காய்கறியை நறுக்கி வேகவைத்து அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்ட வேண்டும். இவ்வளவுக்கும் நடுவில் "நீ நன்றியோடு இருக்க வேண்டும்" என்று இன்னொரு வேலையும் தலையில் ஏறினால் யாருக்கும் அழுகை வரும். நாத்தனார் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் துக்கத்தை மூடி வைப்பதற்கு நன்றியை ஒரு தட்டு மாதிரிப் பயன்படுத்தினால் உள்ளே புழுங்கத்தான் செய்யும். கணவரின் நோயை நினைத்துக் கோபப்படலாம், அழலாம். அதே நாளில் ஏதோ ஒன்றுக்கு மனம் நிறையவும் செய்யலாம். இரண்டுக்கும் ஒரே மனதில் இடம் உண்டு.

எழுதும் பழக்கத்தில் பலன் இருக்கிறதா என்றால், இருக்கிறது. அமெரிக்காவில் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இரு உளவியலாளர்கள் 2003-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நரம்பு, தசை நோய் உள்ளவர்களை 21 நாள் தினமும் நன்றிக்குரியவற்றை எழுதச் சொன்னார்கள். அப்படி எழுதியவர்கள் கூடுதல் நேரம் தூங்கியதாகச் சொன்னார்கள். படுத்ததும் மனம் கவலைகளையே திரும்பத் திரும்ப உருட்டும். எழுதும்போது அதற்கு வேறு ஒன்றைப் பிடித்துக்கொள்ளக் கிடைக்கிறது. ஆனால் பலன் மிதமானதுதான், இது மாத்திரைக்கு மாற்று ஆகாது. இன்னொரு ஆய்வில், வாரம் மூன்று முறை எழுதியவர்களைவிட வாரம் ஒரு முறை எழுதியவர்களுக்கே பலன் தெரிந்தது. தினமும் பத்து எழுதினால் அது வீட்டுப்பாடம் ஆகிவிடும். அதனால் அந்தக் கணக்கை விட்டுவிடுங்கள்.

உங்கள் கடிதத்திலேயே எனக்குப் பிடித்த வரி, ஃபிஸ்டுலா பற்றியது. விரலுக்கு அடியில் பூனை உறுமுவது போல ஒரு கிர்ர். அது கேட்ட பிறகு அடுப்பு. நீங்கள் தேடும் நன்றி அந்த நேரத்தில் உங்கள் விரல் நுனியில் இருக்கிறது, அதற்கு நோட்டே வேண்டாம். வேண்டுமானால் வாரம் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை மாலை என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டே வரி எழுதுங்கள். "கடவுள், குடும்பம், ஆரோக்கியம்" என்று பொதுவாக வேண்டாம். "செவ்வாய்க்கிழமை சிஸ்டர் ஊசியை ஒரே முறையில் போட்டார், இவர் முகம் சுளிக்கவில்லை" என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். எதுவும் தோன்றாத வாரம் "ஒன்றும் இல்லை" என்றே எழுதலாம். முடிந்தால் அந்த சிஸ்டரிடமே ஒரு வார்த்தை சொல்லுங்கள். என் அனுபவத்தில், நோட்டில் எழுதுவதைவிட நேரில் சொல்வதுதான் சொல்பவரின் முகத்தையும் மலர்த்துகிறது. அந்த அதிர்வு ஒருநாள் தெரியாவிட்டால் மட்டும் காத்திருக்காமல், உடனே டயாலிசிஸ் சென்டருக்குப் போன் செய்துவிட்டுக் கிளம்புங்கள். ரத்தம் உறைந்திருக்கலாம்.

இப்போது எனக்கு உண்மையிலேயே கவலை தரும் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு மாதமாகத் தூக்கமில்லை என்கிறீர்கள். அதோடு பசியின்மை, எதிலும் பிடிப்பின்மை, விடியற்காலையிலேயே விழித்துக்கொண்டு படுத்திருப்பது, "நான் எதற்கும் லாயக்கில்லை" என்ற எண்ணம் இவையும் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அந்த நோயில் நல்லதை ருசிக்கும் சக்தியே குறைந்துவிடும். காய்ச்சலில் நாக்கு கசப்பது போலத்தான் இது, இனிப்பின் மேல் தப்பில்லை, நாக்கின் மேலும் தப்பில்லை. ஆலோசனையாலும், தேவைப்பட்டால் மாத்திரையாலும் குணமாகும். தைராய்டு கோளாறும் ரத்தசோகையும் இதே போலச் சோர்வைக் காட்டும், ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும். வீட்டை விட்டு வர முடியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல ஆலோசனை) எண்ணுக்குப் பேசுங்கள். 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் ஒரு நொடி வந்தாலும் நாளைக்குத் தள்ளாமல் அன்றைக்கே பேசுங்கள், வீட்டில் ஒருவரிடமும் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், நாத்தனாரிடம் ஓர் உதவி கேளுங்கள். வாரத்தில் ஒரு நாள் மட்டும் அண்ணனோடு டயாலிசிஸுக்கு அவர் போய் வரட்டும். அந்த நான்கு மணி நேரம் நீங்கள் தூங்குங்கள். அடுத்த முறை கணவருக்கு ரத்த அழுத்தம் பார்க்கும்போது, உங்கள் கையையும் நீட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.