தோல் செல்லை ஸ்டெம் செல்லாக மாற்ற முடியுமா?

முடியும். ஸ்டெம் செல் என்பது உடலின் பல வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல். முதிர்ந்த தோல் செல்லிலும் உடலின் முழு மரபணுத் தொகுப்பு இருக்கிறது. தேவையற்றவை அடங்கிக் கிடக்கின்றன, அவ்வளவுதான். 2006இல் ஜப்பானின் ஷின்யா யமனாகா, நான்கே மரபணுக்களைச் செலுத்தி எலியின் தோல் செல்லைக் கருநிலைக்கு ஒப்பான நிலைக்குத் திருப்பினார். நான்கே நான்கு! மறு ஆண்டே மனிதச் செல்லிலும் அது கைகூடியது. 2012இல் நோபல் பரிசு.

சிகிச்சையில் என்ன பயன் என்றும் கேட்டிருக்கிறீர்கள். தோல் செல்லிலிருந்து அல்ல, கருநிலை ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த, இன்சுலின் சுரக்கும் கணையச் செல்களை முழு அளவில் பெற்ற 12 டைப் 1 நீரிழிவு நோயாளிகளில் 10 பேருக்கு ஓராண்டுக்குப் பின் இன்சுலின் தேவைப்படவில்லை என்று 2025இல் முடிவு வெளியானது. எனக்குப் பெரும் நம்பிக்கை தரும் செய்தி இது. ஆனால் பிறருடைய செல் என்பதால், நோய் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தை அவர்கள் தொடர்ந்து எடுக்க வேண்டியிருக்கிறது.