ஏழு கிழமை போய்விட்டது, இன்னும் பொலிசிலா?

கேள்வி: ஒட்டுசுட்டானில் அப்பாவிடமிருந்து வந்த போமிட் (அரச அனுமதிப்பத்திரக்) காணி. ஏழு கிழமைக்கு முதல் பக்கத்துக் காணிக்காரர் எங்கள் கதியால் வேலியைப் பிடுங்கி, பத்தடி உள்ளே முட்கம்பி அடித்துவிட்டார். மீள்குடியேறி வந்த நேரம் அவருக்குத் தறப்பாள் கொடுத்ததே நாங்கள்தான். மூன்று முறைப்பாடு கொடுத்தும் பொலிசில் 'இணக்கசபைக்குப் போங்கோ' (பிணக்கைப் பேசித் தீர்க்கும் சபை) என்கிறார்கள். கம்பியை வெட்டப் பெடியள் துடிக்கிறார்கள்.

பதில்: தறப்பாள் கதையை விடுங்கள். உங்கள் கடிதத்தில் பெறுமதியானது 'ஏழு கிழமை' மட்டும்தான். இலங்கையின் 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க முதனிலை நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு வழக்கில், காணி யாருடையது என்று மன்று பார்க்காது. வழக்கைக் கோப்பிட்ட (தாக்கல் செய்த) நாளில் ஆட்சியில் இருந்தவர் (காணியைக் கையில் வைத்திருந்தவர்) யார் என்றுதான் பார்க்கும். இன்று அந்தப் பத்தடி அவரிடம். உங்களுக்கு மிச்சமிருப்பது அதே சட்டத்தின் 68(3)ஆம் பிரிவு: கோப்பிடுவதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் பலவந்தமாக ஆட்சி இழந்தவருக்கு அதைத் திருப்பிக் கொடுக்கலாம்.

அந்த இரண்டு மாதம் மன்றில் கோப்பிடும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணப்படும். முறைப்பாடு கொடுத்த திகதி கணக்கில் வராது. ஆக்கள் விழுவது இந்தக் குழியில்தான். பொலிஸ் விசாரணை, இணக்கசபைத் தவணை, காணி உத்தியோகத்தர் லீவு என்று அலைந்து முடிய ஒன்பதாம் கிழமை வந்துவிடும். பிறகு மாவட்ட நீதிமன்றம்தான், வருடக்கணக்கில்.

பொலிசார் இழுத்தடித்தால் 66(1)(ஆ) இன் கீழ் நீங்களே சத்தியக்கடதாசியுடன் (சத்தியம் செய்து கையெழுத்திட்ட எழுத்து வாக்குமூலம்) மன்றுக்குப் போகலாம். ஆனால் அமைதி குலையும் நிலை இருப்பதை அந்தக் கடதாசியே காட்டவேண்டும். வேலுப்பிள்ளை எதிர் சிவநாதன் (1993) தீர்ப்பு அதைத்தான் சொல்கிறது. 'முறைச்சுப் பார்க்கிறார்' போதாது. எந்தத் திகதி, யார், கையில் என்ன, வாயில் என்ன சொல் என்று எழுதுங்கள். விசாரணை பெரும்பாலும் கடதாசியிலேயே முடிந்துவிடும். கூண்டில் ஏறிச் சொல்லலாம் என்று எதையும் மிச்சம் வைக்கவேண்டாம். பழைய கதியால் குழிகளையும், தப்பி நிற்கும் கிளுவை அடிக்கட்டைகளையும் மழை மூடமுன் நாடா பிடித்துப் படம் எடுங்கள். பின்காணிக்காரரிடமும் ஒரு சத்தியக்கடதாசி வாங்குங்கள். போமிட்டை இணைக்கலாம், வழக்கை அதில் நிறுத்தமுடியாது.

பெடியளை அடக்குங்கள். கம்பியை வெட்டினால் பலவந்தம் செய்தவர் நீங்கள் என்று அவர் 66 போடுவார். அத்துமீறல், சேதம் என்று முறைப்பாடு வரும். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 81இல் அமைதி காக்கும் பிணைக்கும் உங்களைத்தான் அழைப்பார்கள். மன்றின் கட்டளையை மீறினாலோ ஆறு மாதம் வரை மறியல் (சிறை).

உண்மையைச் சொன்னால், இது சமரசமாகப் போகவேண்டிய வழக்கு. ஆனால் முதலில் கோப்பிடுங்கள், பேச்சு அதன்பிறகு. விசாரணைக்கு முன் நீதவானே சமரசத்துக்குக் கேட்பார். அளவையாளர் வைக்கும் எல்லைக்கல்லை இருவரும் ஏற்பது, செலவு பாதிப் பாதி என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கட்டளையாக்குங்கள். மீள்குடியேறிய நேரம் பல வேலிகள் கண்மதிப்பில் போட்டவை. கல் உங்கள் பக்கம் நாலடி தள்ளி விழவும் கூடும். அதற்கு மனம் ஒப்பினால் மட்டும் கையெழுத்து வையுங்கள்.