அப்பாவின் அழுகை, அம்மாவின் கோபம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான்கு மாதம் முன்பு அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை, கால் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. யார் வந்தாலும் குலுங்கி அழுகிறார். சொல் வராத ஆத்திரத்தில் தட்டை வீசுகிறார். அம்மாதான் தனியாகப் பார்த்துக்கொள்கிறார். போன வாரம் அப்பாவை அதட்டிவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதார். நான் கோவையில் வேலை செய்கிறேன். வாரக் கடைசியில்தான் ஊருக்குப் போக முடிகிறது. அம்மாவை என்ன சொல்லித் தேற்றுவது?

எஸ்.

அன்புள்ள எஸ்,

தேற்றுவது அப்புறம். அப்பாவுக்கு என்ன ஆகியிருக்கிறது என்று அம்மாவுக்கு யாராவது விளக்கினார்களா? பக்கவாதத்துக்குப் பிறகு அழுகையையும் சிரிப்பையும் அடக்கிவைக்கும் பிடி மூளையில் தளர்ந்துபோவது உண்டு. மனதில் பெரிய துக்கம் இல்லாமலே அழுகை பொத்துக்கொண்டு வரும். உண்மையான மனச்சோர்வாகவும் இருக்கலாம். ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அது வருகிறது. இரண்டுக்கும் மருந்து உண்டு. அடுத்த முறை நரம்பியல் மருத்துவரிடம் போகும்போது நீங்களும் கூடப் போய்க் கேளுங்கள்.

பெரும்பாலானவர்களுக்குப் பேச்சை ஆள்வது மூளையின் இடப்பக்கம். வலது கை காலை இயக்குவதும் அதே பக்கம்தான். அதனால் இரண்டும் சேர்ந்து போயின. சொல் போனதால் புத்தி போய்விட்டது என்று அர்த்தமில்லை. அவர் எதிரிலேயே “இவருக்கு ஒண்ணும் புரியாது” என்கிற உறவினரைத் தயங்காமல் நிறுத்துங்கள். “காபி வேணுமா?” என்று தலையாட்டினால் போதுமான கேள்வியாகக் கேளுங்கள். பேச வராத சிலர் பழகிய பாட்டைப் பாடிவிடுவார்கள். அம்மா கூடச் சேர்ந்து பாடிப் பார்க்கட்டும்.

அம்மாவின் கோபம் எனக்குப் புரிகிறது. இத்தனை வருடப் பேச்சுத்துணை போய்விட்டது, ஆனால் ஆள் எதிரில் இருக்கிறார். உயிரோடு இருப்பவருக்காக அழுதால் அபசகுனம் என்பார்கள். வருகிறவர்கள் எல்லாம் “பழையபடி ஆயிடுவார், தைரியமா இரு” என்கிறார்கள். அம்மா எங்கே போய் அழுவார்? நீங்களாவது அப்படிச் சொல்லாதீர்கள். அழட்டும், பக்கத்தில் இருங்கள்.

சனிக்கிழமை நீங்கள் போனதும் குளிப்பாட்டுவது, மாத்திரை, சாப்பாடு எல்லாம் உங்கள் பொறுப்பு. அம்மா கோயிலுக்குப் போகட்டும், இல்லை தூங்கட்டும். ஆப்பிள் வாங்கி வரும் சொந்தக்காரர்களிடம் “செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இரண்டு மணி நேரம் அப்பாகூட இருங்க” என்று நாள் சொல்லியே கேளுங்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். ராத்திரியில் மனம் தாங்காவிட்டால் அம்மா 14416ஐ அழைக்கலாம். டெலி மானஸ் என்ற அரசு சேவை, கட்டணமில்லை, தமிழில் பேசலாம். அப்பாவுக்குப் பிரஷர் பார்க்கும் அன்றே அம்மாவுக்கும் பார்த்துவிடுங்கள்.