சாவி வர மறுத்தால் கேபிளைக் கழற்றிவிடலாமா?

கேள்வி: எங்களுடையது சாவி போட்டுத் திருப்பும் பழைய ஆட்டோமேட்டிக் கார். வீடு ஏற்காட்டில், சரிவான பாதையில் இருக்கிறது. ஒரு மாதமாக, லிவரை 'பி' (பார்க்கிங்) நிலைக்குக் கொண்டுவந்து இன்ஜினை அணைத்த பிறகும் சாவி வெளியே வருவதில்லை; லிவரை முன்னுக்குத் தள்ளிப் பிடித்தால்தான் வருகிறது. சேலத்தில் காட்டியபோது, இன்டர்லாக் கேபிளை மாற்ற வேண்டும், இல்லையென்றால் கழற்றிவிட்டே ஓட்டலாம் என்றார்கள். கழற்றிவிடலாமா?
– வாசகி, ஏற்காடு

பதில்: கழற்றிவிட வேண்டாம். சாவிப் பூட்டுக்கும் கியர் லிவரின் அடிப்பகுதிக்கும் இடையே, சைக்கிள் பிரேக் கம்பியைப் போல உறைக்குள் ஓடும் மெல்லிய கம்பிதான் இந்தக் கேபிள். லிவர் 'பி'யில் முழுமையாக விழுந்தால்தான் அது பூட்டுக்குள் உள்ள தடையை விலக்கி, சாவியைக் கடைசி நிலைவரை திரும்ப விடும். அந்தத் தடையே இல்லாமல் செய்துவிட்டால், லிவர் 'என்' (நியூட்ரல்) நிலையில் இருக்கும்போதே சாவியை உருவிக்கொண்டு இறங்கிவிட முடியும். உங்கள் வீட்டுச் சரிவில் அப்போது காரைத் தாங்குவது ஹேண்ட் பிரேக் ஒன்றுதான். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதை நினைத்துப் பார்க்கவே எனக்கு அச்சமாக இருக்கிறது.

லிவரைத் தள்ளிப் பிடித்தால் சாவி வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் முக்கியமான தடயம். கேபிள் அறுந்திருக்க வாய்ப்பு குறைவு. தளர்ந்திருக்கலாம், அல்லது லிவரே கடைசி ஒரு நூல் தூரம் உள்ளே போகாமல் நிற்கலாம். லிவரின் அடியில் சிந்திய காபியும் பிஸ்கட் தூளும் கெட்டியாகி இப்படித் தடுப்பதுண்டு. ஆகவே 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி மறுபடி சேலம் போகும்போது, முதலில் லிவரின் அடியைச் சுத்தம் செய்து, கேபிளின் அளவைச் சரிசெய்து பார்க்கச் சொல்லுங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் மட்டும் புதுக் கேபிள் வாங்குங்கள். சேசிஸ் எண்ணைக் கொடுத்து, உங்கள் மாடலுக்கு உரியதையே கேளுங்கள்.

மாற்றும்போது பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிச் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும்; ஸ்டீயரிங்கில் ஏர்பேக் இருந்தால் அது தற்செயலாக விரிந்துவிடக் கூடாது. பிறகு ஸ்டீயரிங்கின் கீழ் மூடியையும் நடு கன்சோலையும் கழற்றி, பழைய கேபிள் ஓடும் வழியைப் படமெடுத்துக்கொண்ட பின்பே அதை உருவ வேண்டும். புதியது அதே வழியில், எங்கும் மடியாமலும் பெடல்களில் உரசாமலும் போக வேண்டும். கன்சோலை மூடுவதற்கு முன், நீங்களே சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டுச் சோதியுங்கள்: 'ஆர்' (ரிவர்ஸ்), 'என்', 'டி' (டிரைவ்) ஆகிய நிலைகளில் சாவி வரக் கூடாது, 'பி'யில் தடையின்றி வர வேண்டும், சாவியை எடுத்த பின் லிவர் அசையக் கூடாது.

சரிவில் நிறுத்தும்போது, பிரேக்கை மிதித்தபடி 'என்'னில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கால் பிரேக்கை மெல்ல விட்டு, வண்டியின் பாரம் ஹேண்ட் பிரேக்கில் இறங்கிய பிறகு மீண்டும் பிரேக்கை மிதித்து 'பி'க்குப் போங்கள். முதலிலேயே 'பி'யில் போட்டால் முழுப் பாரமும் கியர்பெட்டிக்குள் உள்ள சிறு கொக்கியின் மேல் ஏறி, மறுநாள் காலையில் லிவர் இறுகிக்கொள்ளும். அதையும் கேபிள் கோளாறு என்று எண்ணிவிடாதீர்கள்.