எல்லையை ஒட்டி ஒரு நடை

கேள்வி: நான் புவியியல் முதுகலை படிக்கிறேன். நாட்டு எல்லைகளை ஒட்டி நடந்தே ஆய்வு செய்பவர்கள் உண்டு என்று வகுப்பில் சொன்னார்கள். செயற்கைக்கோள் படம் இருக்கும்போது நடந்து என்ன கண்டுபிடிக்க முடியும்? நம் ஊரில் இதைப் பழக வழி உண்டா?
- ஒரு மாணவர், மார்த்தாண்டம்

பதில்: நிறையக் கண்டுபிடிக்கலாம், தம்பி. இந்திய வங்கதேச எல்லையையே பாருங்கள், 4,096 கிலோமீட்டர். 1947-ல் நாட்டுப் பிரிவினைக்காக ராட்கிளிஃப் என்ற பிரிட்டிஷ் வழக்கறிஞர் வரைந்த கோட்டின்மேல் வேலி நிற்கவில்லை. பெரும்பாலும் 150 கஜமாவது உள்ளே தள்ளி நிற்கிறது. அதனால் நம் விவசாயிகள் பலருடைய வயல் வேலிக்கு அப்பால் மாட்டிக்கொண்டது. எல்லைக் காவல்படையிடம் அடையாள அட்டையைக் காட்டி, கதவு திறக்கும் நேரத்தில் போய், மூடுவதற்குள் திரும்ப வேண்டும். சணல் போட்டால் உயரமாக வளர்ந்து பார்வையை மறைக்கிறது என்று ஆட்சேபம் வரும். வேலியும் வயலும் படத்தில் தெரியும். அந்தக் கதவடியில் காத்திருப்பவரின் அரைநாள் எதில் தெரியும்?

பழகுவதற்கு நம் மாநில எல்லை போதும். 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டோடு சேர்ந்தது, பக்கத்து நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பணி ஓய்வு பெற்ற வருடம் நீரோடிக் கடற்கரையில் தொடங்கி களியக்காவிளை வரை இரண்டு நாள் நடந்தேன். முதல் நாள் எல்லைக்கல் தேடியே போய்விட்டது. மறுநாள் ஒரு பாட்டி என்னை நிறுத்தி, "இப்பிடி ஓரமா எங்க போற மக்ளே? நாங்க குறுக்கேல்லா போவோம்" என்றார்.

முப்பது வருடம் புவியியல் நடத்திய எனக்கு அதுவரை உறைக்காத விஷயம் அது. எல்லையோரம் வாழ்பவர் யாரும் கோட்டை ஒட்டி நடப்பதில்லை. அந்தப் பாட்டி ரேஷன் வாங்குவது இந்தப் பக்கம், மகளைக் கட்டிக் கொடுத்தது அந்தப் பக்கம். அப்புறம் அவர் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நடந்த தூரத்தைவிட அங்கே எழுதிய பக்கங்கள் அதிகம். நீங்களும் பாதி நாள் கோட்டோடு நடங்கள், மீதி நாள் குறுக்கே போகிறவர்களோடு போங்கள். எங்கே நடப்பதை நிறுத்தினீர்கள், ஏன் என்பதையும் எழுதுங்கள்.

ஆனால் நாட்டு எல்லைக்குப் போவதென்றால் அனுமதி இல்லாமல் போகவே கூடாது. கேமராவும் வேண்டாம். உங்களோடு பேசியவருக்குப் பிறகு தொல்லை வரும்.

நம் மாவட்டத்துக்கும் நாட்டு எல்லை உண்டு, கடலில். குமரிக்குத் தெற்கே உள்ள வாட்ஜ் திட்டு, அதாவது மீன் நிறையக் கிடைக்கும் கடலடி மேடு, இந்தியாவுக்குத்தான் என்று 1976-ல் இலங்கையோடு ஒப்பந்தமானது. அங்கே கல்லும் இல்லை, நடக்கவும் முடியாது. குளச்சலிலோ தூத்தூரிலோ வயதான மீனவர் ஒருவரோடு உட்காருங்கள். மலை உச்சியையும் மாதா கோவில் கோபுரத்தையும் ஒரே நேராகப் பார்த்துக் கடலில் இடம் பிடித்தவர்கள் அவர்கள். எதுவரை போனார்கள், எங்கே திரும்பினார்கள் என்று கேட்டு அவர்கள் சொல்கிறபடி வரைந்து வாருங்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.